வாசிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்பித்தல்



தரம் 10, 11 வகுப்புகளில் கேட்ட கேள்விக்கு வாயால் நன்றாக விடை சொல்வான், ஆனால் வினாத்தாளைக் கொடுத்தால் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவான் என்னும் மாணவர் ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் மூன்றாம் தரத்திற்கு வந்தும் பாடப்புத்தகத்தின் ஒரு வரியை வாசிக்க முடியாமல் அழும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். இதை வாசிக்கும் நீங்களே அப்படிப்பட்ட ஒருவராகவும் இருக்கலாம். இம்மூவருக்கும் பயன்படும் வகையில் இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. இதில் வரும் செய்திகள் கட்டுரை எழுதுவதற்கும், நீங்கள் கற்கும் இலக்கணப் பகுதியை விளங்கிக்கொள்வதற்கும் உதவும்.

பாடத்தின் மையக் கருத்தை முதலிலேயே மனதிற் பதியுங்கள். பேச்சு, பிள்ளைக்குத் தானாக வருகிறது. வாசிப்பு தானாக வருவதில்லை. அது கற்பிக்கப்பட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதைச் சிறு சிறு படிகளாக, ஒரு படியையும் தவறவிடாமல் கற்பிக்க வேண்டும். வாசிக்க முடியாத பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே கற்பிப்பவரின் முதல் வேலை.

1. கற்றல் இடர்பாடு என்றால் என்ன?

போதிய நுண்ணறிவும், பார்க்கும் கேட்கும் ஆற்றலும், பாடசாலைக்குச் செல்லும் வாய்ப்பும் இருந்தும் ஒரு பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ தொடர்ந்து பெரும் சிரமம் அடைவதைக் குறித்த கற்றல் இடர்பாடு என்கிறோம். இது மூன்று வகையாகக் காணப்படும்.

• வாசிப்பு இடர்பாடு – டிஸ்லெக்ஸியா
• எழுத்து இடர்பாடு – டிஸ்கிராபியா
• கணித இடர்பாடு – டிஸ்கல்குலியா

இவற்றுள் டிஸ்லெக்ஸியா பற்றியே இங்கு நோக்குகிறோம். இது ஒரு நோய் அன்று, சோம்பலும் அன்று. மூளை மொழியின் ஒலிகளைக் கையாளும் முறையில் உள்ள வேறுபாட்டினால் எழுகிறது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதும் உண்டு.

"எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்ஸியா" எனப் பலர் நினைக்கின்றனர். இது தவறு. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரச்சினை கண்ணில் இல்லை. ஒரு சொல்லை அதன் ஒலிகளாகப் பிரிப்பதிலும், ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு விரைவாக இணைப்பதிலுமே சிரமம் இருக்கிறது.

இன்னொன்றையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். 2009 வரை நீடித்த யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் பள்ளியை இழந்த பிள்ளைகள் நம் மத்தியில் இருந்தனர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டபோது முதலாந் தரத்தில் இருந்த பிள்ளைகளும் அடிப்படை வாசிப்பை இழந்தனர். இவர்களது இடர்பாட்டுக்குக் காரணம் கற்பிக்கப்படாமையே. ஆயினும் காரணம் எதுவாக இருந்தாலும், கீழே கூறப்படும் கற்பித்தற் படிகள் இரு சாராருக்கும் பொருந்தும்.

2. இத்துறை வளர்ந்த வரலாறு

• 1887 – ஜேர்மனியைச் சேர்ந்த கண் வைத்தியர் ருடோல்ஃப் பேர்லின் "டிஸ்லெக்ஸியா" என்னும் சொல்லை முதலிற் பயன்படுத்தினார்.
• 1896 – இங்கிலாந்தின் வைத்தியர் பிறிங்கிள் மோர்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அவன் கெட்டிக்காரன், கணக்கில் குறையில்லை, ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவன்தான் என அவனது ஆசிரியர் கருதினார்.
• 1920கள், 1930கள் – அமெரிக்காவில் சாமுவேல் ஓட்டன், அன்னா கில்லிங்காம் ஆகியோர் ஒலி, எழுத்து, கை அசைவு மூன்றையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பிக்கும் முறையை உருவாக்கினர்.
• 1963 – சாமுவேல் கேர்க் "கற்றல் இடர்பாடு" என்னும் கருத்தைச் சிக்காகோவில் நடந்த பெற்றோர் மாநாட்டில் முன்வைத்தார்.
• 2000 – அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வாசிப்புக் கற்பித்தலின் ஐந்து கூறுகளைச் சுட்டியது: ஒலி விழிப்புணர்வு, எழுத்து – ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், கருத்துணர்தல்.

மோர்கன் குறிப்பிட்ட சிறுவனின் வயதைக் கவனியுங்கள். உங்களை விட ஓரிரு வயதே குறைந்தவன். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அவனைப் போன்ற பிள்ளையை "மொக்கு" என்று அழைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

3. அடையாளங்கள்

ஆரம்ப வகுப்புகளில்:
• சொல்லை ஒலிகளாகப் பிரிக்கவோ ஓசை ஒத்த சொற்களைக் கூறவோ முடியாமை.
• நேற்றுப் படித்த எழுத்தை இன்று மறத்தல்.
• முதல் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்லை ஊகித்தல் ("பழம்" என்பதைப் "படம்" என வாசித்தல்).

மேல் வகுப்புகளில்:
• மிக மெதுவாக வாசித்தல், வரியைத் தவறவிடுதல்.
• ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுதல்.
• உரத்து வாசிக்கும் முறை வரும்போது தண்ணீர் குடிக்கவோ வெளியே போகவோ அனுமதி கேட்டல்.
• விடை தெரிந்தும் நேரம் போதாமல் வினாக்களை விடுதல்.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லோரிடமும் இருக்கும். பல அடையாளங்கள் நீண்ட காலம் தொடர்ந்தாலே கவனிக்க வேண்டும். இன்னாருக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர் சூட்டுவது உங்கள் வேலையன்று. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் பரிசோதிக்க வேண்டும். பின்பு வகுப்பாசிரியர், பாடசாலையில் உள்ள விசேட கல்வி ஆசிரியர், வலயக் கல்வி அலுவலகம் ஆகியோரிடம் பெற்றோர் ஆலோசனை பெறலாம். உதவி செய்வதற்கு மட்டும் எவரும் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

4. தமிழ் எழுத்தில் பிள்ளை தடுமாறும் இடங்கள்

ஆங்கிலத்துடன் ஒப்பிடுகையில் தமிழை எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். அப்படியிருந்தும் தடுமாறும் இடங்கள் உண்டு.

(அ) எழுத்தின் பெயரும் ஒலியும் வேறாதல். ம் என்பதை "இம்" என்றும், க் என்பதை "இக்" என்றும் கற்பிக்கிறோம். பிள்ளை "அ – இம் – மா" என்று கூட்டிப் பார்க்கிறது. அதிலிருந்து "அம்மா" வராது. ஆகவே கூட்டி வாசிக்கும்போது "இ" இல்லாமல் "ம்…" என உதட்டை மூடி ஒலித்துக் காட்ட வேண்டும்.

(ஆ) எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுதல். "கெ" என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது. ஒலிக்கும்போது க் முதலிலும் எ பின்னரும் வருகின்றன. "கொ" என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக மட்டும் பார்க்கும் பிள்ளை இங்கே தடுமாறும்.

(இ) வடிவ ஒற்றுமை. அரவும் (ா) ர என்னும் எழுத்தும் ஏறத்தாழ ஒரே வடிவம். "கௌ" என்பதும் "கெள" என்பதும் அச்சில் ஒன்றுபோல் தெரியும்.

(ஈ) ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். பக்கம், பங்கு, பகல் ஆகிய மூன்றிலும் உள்ள ககரத்தை ஒலித்துப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு.

(உ) பல எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் ஒலி. நம் பேச்சில் ழ, ள வேறுபாடும் ர, ற வேறுபாடும் பெரும்பாலும் கேட்பதில்லை. காதால் கேட்டு எழுதும் பிள்ளை "கரி", "கறி" இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? இவற்றைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் பழக்க வேண்டும்.

(ஊ) பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "வாறன்" என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் "வருகிறேன்" என்று காண்கிறது. இரண்டும் ஒன்றே என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

(எ) நீண்ட புணர்மொழிகள். இது தரம் 6க்கு மேல் பெரும் தடையாகிறது. அடுத்த பகுதியில் காண்க.

5. கற்பித்தற் படிகள்

படி 1: ஒலியைக் கேட்கப் பழக்குதல். இங்கே புத்தகம் வேண்டாம். சொல்லுக்குக் கை தட்டச் செய்யுங்கள்: ப – லாப் – ப – ழம், நான்கு தட்டு. பின்பு ஒலியை மாற்றும் விளையாட்டு.

அக்கா: "தம்பி, பல் எண்டு சொல்லு."
தம்பி: "பல்."
அக்கா: "ப-வை எடுத்துப்போட்டு க போட்டால்?"
தம்பி: "கல்!"
அக்கா: "இப்ப கல்-லை நீட்டிச் சொல்லு."
தம்பி: "கால்."

இந்த விளையாட்டு வராத பிள்ளையிடம் எழுத்து அட்டையைக் காட்டிப் பயனில்லை. அது நிற்கும் படி இதுதான்.

படி 2: சில எழுத்துகளில் தொடங்குதல். 247 எழுத்து என்றதும் பிள்ளை மலைக்கிறது. நீங்கள் இலக்கணத்தில் படித்ததை நினையுங்கள்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உயிர்மெய் 216ஐயும் தனித்தனியே மனனம் செய்யத் தேவையில்லை. 18 மெய்யும் உயிர்க்குறிகளும் சேரும் முறை தெரிந்தால் போதும். உகர, ஊகாரக் குறிகள் மட்டும் மெய்க்கு மெய் வடிவம் மாறும் (கு, து, பு, ரு). அவற்றைப் பிற்படுத்திக் கற்பியுங்கள். ண, ன போன்ற ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்க வேண்டாம். ஒன்று நன்கு பதிந்த பின் மற்றது.

படி 3: கண், காது, வாய், கை நான்கையும் சேர்த்தல். எழுத்தைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, தானும் ஒலித்து, அதே வேளையில் மணலில் விரலால் எழுத வேண்டும். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோம். அன்று ஒரு நாள் செய்வதை இப்பிள்ளைக்குப் பல நாள் செய்ய வேண்டும்.

படி 4: கற்ற எழுத்துகளாலான சொற்களையும் வாக்கியங்களையும் மட்டும் கொடுத்தல். அ, ம், மா, பா, ல், தா ஆகியவை தெரிந்ததும் "அம்மா பால் தா" என்ற வாக்கியத்தை வாசிக்கலாம். தெரியாத எழுத்து ஒன்றும் அதில் இல்லை. ஊகிக்காமல் தானே வாசித்தேன் என்னும் நம்பிக்கை பிள்ளைக்கு இங்கேதான் பிறக்கிறது.

படி 5: நீண்ட சொல்லைப் பிரித்தல். "ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது" என்ற சொல்லைப் பாருங்கள். வாசிக்க இடர்ப்படுபவருக்கு இது ஒரு மதில். நீங்கள் படித்த புணர்ச்சி இலக்கணம் அதில் வாசல் திறக்கும்:

ஏற்று + கொள்ள + பட்டு + உள்ளது

க், ப் தோன்றியுள்ளன. "பட்டு" என்பதன் ஈற்று உகரம் கெட்டுள்ளது. அவ்வாறே அபிவிருத்தியடைந்துவரும் = அபிவிருத்தி + அடைந்து + வரும்; யகர உடம்படுமெய் தோன்றியுள்ளது. பென்சிலால் மெல்லிய கோடு இட்டுப் பிரித்து வாசித்து, பின்பு சேர்த்து வாசிக்கப் பழக்குங்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புள்ளிக்காக மனனம் செய்த பாடம் ஒரு பிள்ளையின் வாயைத் திறக்கும் கருவியாகிறது.

படி 6: சரளம். ஒரு சிறு பந்தியை முதலில் நீங்கள் வாசியுங்கள். பின் இருவரும் சேர்ந்து. பின் பிள்ளை தனியே. அதே பந்தியை மூன்று நான்கு நாள் திரும்ப வாசிக்கச் செய்து நேரத்தைக் கொப்பியில் குறியுங்கள். மற்றப் பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 7: சொல்வளமும் கருத்தும். எழுத்துக்கூட்டுவதிலேயே முழுக் கவனமும் செலவானால் பொருளை விளங்க இடமிராது. ஆகவே கதையையும் சமூகக்கல்வியையும் விஞ்ஞானத்தையும் நீங்கள் உரத்து வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு மெதுவாக வளரும்போது அறிவு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

நேரம்: நாளுக்கு 15 – 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் இருத்துவதை விட இது சிறந்தது. ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் பழையதை மீட்டுப் பாருங்கள்.

6. செய்யத்தகாதவை

• பிழையாக எழுதிய சொல்லை 50 தரம் எழுதச் சொல்லுதல். பிழையான வடிவமே 50 தரம் பதியக்கூடும்.
• முன்னறிவித்தல் இன்றி வகுப்பின் முன் உரத்து வாசிக்கச் செய்தல்.
• பிள்ளை திணறியதும் உடனே சொல்லைச் சொல்லிவிடுதல். சில விநாடிகள் பொறுத்து, தடுமாறிய எழுத்தை விரலால் காட்டுங்கள்.
• அடித்தல், பட்டப்பெயர் வைத்தல், "உன் அண்ணா எப்பிடிப் படிச்சவன்" என ஒப்பிடுதல்.

வாசிக்க முடியாததற்காகத் தண்டிக்கப்படும் பிள்ளை வாசிப்பைக் கற்றுக்கொள்வதில்லை, மறைந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறது. பின்னர் பாடசாலையையே விட்டு விலகுகிறது.

7. கல்வி உரிமை

• 1994 – ஸ்பெயினின் சலமன்கா நகரில் நடந்த மாநாடு, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண பாடசாலையில் சேர்த்துக் கற்பிக்கும் உட்படுத்தற் கல்வியை வலியுறுத்தியது.
• 1996 – இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. இயலாமை காரணமாகக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுத்து எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது.
• 2006 – இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு 2016இல் ஏற்புறுதி செய்தது.
• 2016 – இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என நீட்டப்பட்டது.

16 வயது வரை வகுப்பில் இருத்துவது மட்டும் கல்வி ஆகாது. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வாசிக்கவும் தெரிய வேண்டும்.

8. இடர்ப்படுபவர் நீங்களாயின்

வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்வருவனவற்றை இன்றே தொடங்குங்கள்.

(1) நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அல்லது பெற்றோரிடம் "எனக்கு வாசிப்பது கஷ்டம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.
(2) கடந்தகால வினாத்தாள்களை ஒரு நண்பர் உரத்து வாசிக்க, நீங்கள் கண்ணால் வரியைப் பின்தொடருங்கள்.
(3) வரியின் கீழ் அடிமட்டத்தை வைத்து வாசியுங்கள்.
(4) கிரகித்தற் பகுதியில் முதலில் வினாக்களை வாசித்து, பின்பு பந்தியை வாசியுங்கள். எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.
(5) "கூறுக", "விளக்குக", "ஒப்பிடுக", "காரணம் தருக" போன்ற வினாச் சொற்களைப் பார்த்தவுடன் அறியும்வரை பழகுங்கள்.
(6) நீங்கள் பிழைவிடும் ல, ள, ழ, ர, ற, ன, ண சொற்களுக்குத் தனிக் கொப்பி வைத்திருங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும்.
(7) விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கான ஏற்பாடுகள் பற்றிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே பெற்றோருடன் சென்று அதிபரிடம் விசாரியுங்கள். பரீட்சை நெருங்கிய பின் கேட்டுப் பயனில்லை.

9. பயிற்சி வினாக்கள்

(1) டிஸ்லெக்ஸியா என்றால் என்ன?
(2) "டிஸ்லெக்ஸியா கண்ணில் உள்ள குறைபாடு" – இக்கூற்றைப் பற்றி உமது கருத்து யாது?
(3) பிரித்து எழுதி, நிகழ்ந்த மாற்றத்தைக் குறிப்பிடுக:
  (அ) நடைமுறைப்படுத்தப்பட்டது
  (ஆ) வந்துகொண்டிருந்தார்கள்
(4) ஒரு பிள்ளை "மலை" என்பதை "மழை" என எழுதுகிறது. இன்னொரு பிள்ளை "மலை" என்பதைப் பார்த்து "மரம்" என வாசிக்கிறது. இருவருக்கும் ஒரே உதவி போதுமா?
(5) "வாசிப்பு எல்லோருக்கும் உரியது" என்னும் தலைப்பில் 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுதுக.

விடைக் குறிப்புகள்

(1) நுண்ணறிவும் கற்கும் வாய்ப்பும் இருந்தும், மொழியின் ஒலிகளை எழுத்தோடு இணைப்பதில் ஏற்படும் தொடர்ச்சியான வாசிப்பு இடர்பாடு.
(2) தவறு. பிரதான சிரமம் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் எழுத்தோடு இணைப்பதிலுமே உள்ளது. எனினும் கண் பரிசோதனை முதலிற் செய்யப்பட வேண்டும்; பார்வைக் குறை வேறாக இருக்கக்கூடும்.
(3) (அ) நடைமுறை + படுத்த + பட்டது. இரண்டு இடங்களில் ப் தோன்றியது. (ஆ) வந்து + கொண்டு + இருந்தார்கள். "கொண்டு" என்பதன் ஈற்று உகரம் கெட்டது.
(4) போதாது. முதற் பிள்ளை ஒலியை எழுத்தாக்கத் தெரிந்தது. எழுத்துத் தெரிவில் பிழைவிடுகிறது. அதற்குச் சொற்பயிற்சி வேண்டும். இரண்டாம் பிள்ளை முதல் எழுத்தைக் கொண்டு ஊகிக்கிறது. அது படி 1, 2இலிருந்து தொடங்க வேண்டும்.
(5) முன்னுரை, இடர்பாட்டின் இயல்பு, சமூகத்தின் தவறான எண்ணங்கள், வீடும் பாடசாலையும் செய்யத்தக்கவை, சட்டமும் உரிமையும், முடிவுரை என்னும் ஒழுங்கில் எழுதுக. நீங்கள் அறிந்த பிள்ளையை உதாரணம் காட்டும்போது பெயரைக் குறிப்பிட வேண்டாம்.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ அயலிலோ வாசிக்க இடர்ப்படும் ஒரு பிள்ளையோடு நாளுக்கு 15 நிமிடம் வீதம் ஒரு மாதம் செலவிடுங்கள். முதல் நாள் எந்தப் படியில் நின்றது, முப்பதாம் நாள் எந்தப் படிக்கு வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன்னேற்றம் சிறிதாக இருந்தால் மனந்தளர வேண்டாம். ஒரு படி ஏறியிருந்தாலும் அது அந்தப் பிள்ளை தானே ஏறிய படி. பிறருக்குக் கற்பிக்கும்போது உங்களுக்கும் புணர்ச்சி இலக்கணம் மறக்காது.